அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

எனக்குப் பிரான்சு விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருக்கிறது. லாஸ்பேட்டையில் விசா ஆலோசனை சொல்லும் ஆளாக உட்காருவதற்கு இந்தத் தகுதி போதும். விசா கிடைத்தவனுக்கு என்ன தெரியும்? கேட்டான், கொடுத்தார்கள், பறந்துவிட்டான். எதெல்லாம் போதாது என்று விவரமாகத் தெரிந்தவன் நான்தான்.

என் கடை ஜெராக்ஸ் கடை. போட்டோவும் எடுப்பேன், ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். கல்லூரிப் பிள்ளைகள் நோட்டு நகலெடுக்க வருவார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போகிறவர்கள் அல்லது போக ஆசைப்படுகிறவர்கள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அங்கே ஒரு மச்சானாவது இருப்பான். எனக்குத் தம்பி இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். விசாக் காலம் முடிவதற்குள் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு ஏற்படவில்லை என்று இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. என் வீட்டுக்காரி அதை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "எங்க போனாலும் சோத்து நேரத்துக்கு டான்னு வந்து நிக்கிற ஆளு நீங்க. திரும்ப மாட்டாருன்னு எப்புடிச் சொன்னாங்க? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாள்.

இந்த அனுபவத்தை வீணாக்க மனம் வராமல் ஒரு சேவை தொடங்கினேன். அதற்கு ஒத்திகை என்று பேர். விண்ணப்பித்த எல்லாரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதில்லை, சிலரைத்தான் கேட்பார்கள். யாரை என்று முன்னால் தெரியாததால் எல்லாருமே தயாராகிப் போக வேண்டும். மதியம் எங்கள் ஊர்க் கடைகள் மூடிக் கிடக்கும் நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு டையைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் அதிகாரியாக உட்காருவேன். எதற்குப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? குரலில் ஈரமே இருக்காது. எனக்கு விசா மறுத்தவர்களைவிட நான் கொடுமையானவன் என்று ஏரியாவில் பேர் வாங்கியிருந்தேன். ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து தன் மனைவியின் பேரையே மறந்துபோனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை.

அந்த மதிய நேரம் விளையாட்டுக்கு ஏற்ற நேரமல்ல என்பதை எனக்குப் புரியவைத்தவள் ஒரு மீன்காரி.

பிள்ளைச்சாவடியிலிருந்து வந்து காலையில் எங்கள் தெருவில் மீன் விற்கிறவள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் நான் அக்கா என்பேன், அவள் பாய் என்பாள். ஒரே மகளைப் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவள். அன்று வியாபாரம் முடித்து, அன்னக்கூடையைக் கழுவி வாசலில் கவிழ்த்துவிட்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள்.

"எனக்குப் பிரான்சுக்கு விசா போடணும் பாய்."

"மகள் வீட்டுக்கா? அப்ப மாப்ள அங்க அவங்க ஊர் ஆபீசுல, இவங்க என் வீட்டுலதான் தங்குவாங்கன்னு பேப்பர் வாங்கி அனுப்பணும்க்கா."

"அந்தாளு அனுப்ப மாட்டாரு. வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போறவங்க கூட்டமா பிரான்சு லூர்து மாதாவப் பாக்கப் போறாங்களே, அதுல எம் பேரையும் சேத்துட்டேன்."

"நீங்க எப்பக்கா கிறிஸ்டியன் ஆனீங்க?"

"வருசா வருசம் தேர்த் திருவிழாவுக்குப் போறேன். மாதா எங்கிட்ட நீ என்னா சாதி, மதம்னு இதுவர கேட்டதில்ல. நீ கேக்குற."

வாயை மூடிக்கொண்டு போட்டோ எடுத்தேன். சிரிக்கக் கூடாது, முகம் முழுசாகத் தெரிய வேண்டும் என்பது விதி. அவளுக்கு அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைமுடியை ஒதுக்கிய பிறகுதான் கவனித்தேன், காது இரண்டும் மூளியாக இருந்தன. யாத்திரைக்குப் பணம் எப்படிப் புரட்டினாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு, என்னென்ன வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்க வேண்டும், வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். போகவர டிக்கெட், தங்கும் இடம், பேங்க் கணக்கு. அப்புறம் இன்சூரன்சு. "அங்க உடம்புக்கு முடியாமப் போனா ஆஸ்பத்திரிச் செலவு அவங்களுது. செத்தே போனாலும் பாடிய ஊருக்கு அனுப்பி வச்சிருவாங்க. கவலையே இல்ல" என்று என் வழக்கமான ஜோக்கை எடுத்து விட்டேன். எல்லாரும் சிரிக்கிற இடம் அது.

அவள் சிரிக்கவில்லை. "உசுரோட அடைச்சு வச்சிருந்தா, அதுக்கு எதுனா உண்டா பாய்?" என்று கேட்டாள்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். எனக்குச் சிரிக்கக் காரணம் வேண்டியதில்லை.

முதல் ஒத்திகை அடுத்த நாள். அவள் உட்கார்ந்ததும் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து மேசையில் மல்லாத்தி வைத்தாள். திரையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதிகாரிக் குரலில், வழக்கமாக யாரையும் திணறடிக்கும் ஒரு கேள்வியைப் போட்டேன்.

"உங்க மகள் வீடு எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

பார்க்காத வீட்டை எப்படிச் சொல்வாள் என்ற எண்ணம் எனக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கதவு இரும்பு மாதிரி கனம். உள்ள நொழஞ்சா சோத்தாங்கைப் பக்கம் சமையக்கட்டு. அங்க ஒரு குழா, மூடினாலும் சொட்டிக்கிட்டே கெடக்கும். ஃபிரிட்ஜு அப்பப்ப இருமும். மேல் வீட்டுல ஒரு கெழவரு, தடி ஊணி நடப்பாரு, சன்னல் வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்புவாரு. பக்கத்து வீட்டுல ஒரு கொழந்த, அதுக்கு நெஞ்சுல சளி. லிஃப்டு வந்து நின்னா மொதல்ல ஒரு கிணுக்கு, அப்பறம்தான் கதவு."

வெளியே தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அவள் கால் தரையில் பாவுகிறதா என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. பாவியிருந்தது, செருப்பில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"வீடியோவுல பாத்தீங்களாக்கா?"

"அவ மொகத்தையே காட்ட மாட்டா. போனக் கீழ வச்சிருவா, மச்சுதான் தெரியும்." மேசைமேல் இருந்த போனைக் கண்ணால் காட்டினாள். திரையில் தெரிந்த வெள்ளை, பிரான்சில் ஒரு வீட்டின் கூரை. "தெனம் லைன் போட்டு வப்பா. நான் பாட்டுக்குச் சோறாக்குவேன், அவ பாட்டுக்கு வேல பாப்பா. பேச ஒண்ணும் இல்ல. சத்தம் இருந்தாப் போதும்னுவா. ஒரு வருசமா அந்த வீட்டக் கேட்டுக்கிட்டே இருக்கேன் பாய்."

இவ்வளவு நேரமும் நான் அந்த வீட்டுக்குள்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். டையை லேசாகத் தளர்த்திக்கொண்டேன்.

"இரு" என்றாள். "அங்க இப்பதான் காலை. அந்தாளு வேலைக்குக் கெளம்புற நேரம். கேளு."

குனிந்தேன். ஆண் செருமல் ஒன்று. கனமான கதவு சாத்தும் ஓசை. பிறகு சாவி திரும்பியது. இன்னொரு சுற்றும் திரும்பியது. ஓசை கதவின் மறுபக்கத்திலிருந்து வந்தது.

"வெளிய இருந்து பூட்டறான். சாயந்திரந்தான் தொறப்பான். பாஷ தெரியாத பொண்ணு, வெளிய போனா வழி தப்பிருமாம். பாதுகாப்பாம்."

"உங்க பொண்ணு யார்கிட்டயாவது சொல்லலாம்லக்கா?"

"அவ அங்க தங்குறதுக்கான அட்டைய வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணுமாமே. புருசன் கூட வந்து, ஆமா ஒண்ணாதான் இருக்கோம்னு சொல்லணுமாம். வாயத் தொறந்தா வர மாட்டேங்குறானாம். இவ பொறுத்துக்கறேம்மாங்கறா. நான் போயி அந்தக் கதவாண்ட நிக்கணும் பாய். அவ்ளோதான் எனக்கு வேணும்."

இதற்கு என்ன ஜோக் சொல்வது? எனக்கும் அலமாரியில் தேடினால் ஒன்று கிடைத்திருக்கும். தேடவில்லை. ஆனால் ஆலோசகனாயிற்றே, ஆலோசனை வந்துவிட்டது. மகள் அங்கே இருக்கிறாள் என்றால் இவள் தங்கிவிடுவாள் என்று சந்தேகப்படுவார்கள். மாப்பிள்ளை ஏன் அழைக்கவில்லை என்று தோண்டுவார்கள். ஆகவே அங்கே யாரும் இல்லை, மாதாவைப் பார்க்கத்தான் போகிறேன் என்று ஒரே போடாகப் போட்டுவிட வேண்டும். இரண்டு முறை உண்மையைச் சொல்லி மறுக்கப்பட்டவன் வேறு என்ன சொல்லிக்கொடுப்பான்?

அடுத்த ஒத்திகையில் அந்த ஒரு கேள்விதான் மிச்சம். போன் வழக்கம்போல மல்லாந்து கிடந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மேல் வீட்டுத் தடி நடந்துகொண்டிருந்தது.

"அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

அவள் போனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. அங்க எனக்கு யாரும் இல்ல."

"அந்த வார்த்த வேணாம் பாய். கடலுக்குப் போன ஆம்பளையத் தேடி எவனாச்சும் வந்தாக்கூட, எங்க வீட்டுல இல்லன்னு சொல்ல மாட்டோம். வந்துருவாருன்னுதான் சொல்லுவோம். வாயால இல்லன்னுட்டா அப்பறம் இல்லாமப் போயிரும்."

"இது கடல் இல்லக்கா, ஆபீசு. அங்க கேட்டா என்ன பண்ணுவீங்க? ஒரே ஒரு தடவ சொல்லிப் பழகிக்குங்க."

மூன்று மதமும் ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தன: பாயாகிய நான் மாரியம்மன் கும்பிடும் பெண்ணுக்கு மாதாவைச் சாட்சி வைத்துப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்க எனக்கு யாரும் இல்ல."

தடி நின்றது. சொட்டும் நின்றது.

லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை, திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, வெள்ளைக் கூரை அப்படியே இருந்தது. ஃபிரிட்ஜ்கூட வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் இருந்த எல்லாமே நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. என் கடையின் ஃபேன் சத்தம் எனக்கே திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"பாப்பா" என்றாள். "பாப்பா... எம்மா..."

நான் மனசுக்குள் ஓத ஆரம்பித்தேன், பாதியில் வரி மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

கூரையின் ஓரத்தில் ஒரு நிழல் வந்தது. மெதுவாக நகர்ந்து திரையை மூடியது. ஒரு முகம் குனிந்து பார்த்தது. மிட்டாய் கொடுத்த கல்யாணத்தில் நான் பார்த்த பெண்தான், ஆனால் அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வெயிலே படாத முகம், கூரைக்கும் அதற்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

"இப்ப யாரும்மா இல்லன்ன?" என்று கேட்டது.

அக்கா தன் வாயிலேயே பட் பட்டென்று அடித்துக்கொண்டாள். "தெரியாம சொல்லிட்டேண்டி. இந்தப் பாய் சொல்லச் சொன்னாரு." பெண் என் பக்கம் பார்த்தாள். டை கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த லட்சணத்தை விவரிக்க விரும்பவில்லை.

திட்டம் முழுவதையும் தாய் அப்போதுதான் மகளிடம் சொன்னாள். "வராதம்மா" என்றாள் அவள். "வந்தா அவரு என்னத்தான் ஏசுவாரு."

"நான் மாதாவப் பாக்கத்தாண்டி வரேன். வழியில உன் கதவு இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

குழாயை அன்று யார் மூடியது என்று பின்னால் ஒருநாள் அந்தப் பெண்ணையே கேட்டேன். "அது மூடாது பாய், வாஷர் போனது" என்றாள். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை.

யாத்திரைக் குழுவில் அக்காவை மட்டும் விசா ஆபீசுக்கு நேரில் வரச் சொன்னார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று நகம் கடித்தேன். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்க. எம் பொண்ணு இருக்கான்னுட்டேன். அவ கதவாண்ட போயி ஒரு நாளு நிப்பேன், அப்பறம் மாதாவப் பாத்துட்டு வந்துருவேன்னேன்."

"போச்சு" என்றேன்.

"திரும்பி வருவீங்களான்னாங்க. வராம? அங்க தெருவுல என் எடத்துல வேற எவளாச்சும் கூடைய வச்சிருவா சார், வரணும்னேன். கூட ஒக்காந்திருந்த தமிழ்ப் பொண்ணு அதைப் பிரெஞ்சுல சொன்னிச்சு. தொர தலைய ஆட்டிக்கிட்டாரு."

பாஸ்போர்ட் வந்தபோது உள்ளே விசா ஒட்டியிருந்தது. குழுவோடு போய்க் குழுவோடு திரும்புகிற அளவுக்குத்தான் நாள். ஒத்திகைத் தொழிலில் என் மானம் அத்தோடு போனது.

சஸ்பென்ஸ் வைத்து எழுத எனக்கு வராது, முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் இப்போது பிள்ளைச்சாவடியில்தான் இருக்கிறாள். அம்மாவுக்குப் பின்னால் சில வாரம் கழித்து வந்து சேர்ந்தாள். நான் சொல்ல வந்தது, அவள் அந்த வீட்டை விட்டு வெளியே வந்த மதியத்தைப் பற்றி.

அக்கா கிளம்பும்போது என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். தான் விமானத்தில் இருக்கும் நேரமும், அங்கே அலையும் நேரமும் மகளுக்கு லைன் இல்லாமல் போய்விடுமாம். "உன் கட நம்பரக் குடுத்திருக்கேன். பேச வேணாம், உன் சத்தம் இருந்தாப் போதும்." அப்படியாகப் பிரான்சு வீட்டின் கூரை என் மேசைக்கு வந்தது. நான் ஜெராக்ஸ் போட்டேன், கல்லூரிப் பிள்ளைகளோடு சண்டை போட்டேன், தும்மினேன். அந்தப் பக்கம் குழாய் சொட்டியது. அந்தக் கெழவர் சன்னலுக்குப் போய் நின்று திரும்புவதை நானும் எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

மகள் வீடு இருந்த பாரிஸில் குழுவுக்கு ஓர் ஓய்வு நாள். குழுவில் பிரெஞ்சு தெரிந்த ஒரு டீச்சரம்மா இருந்தார், அவரைக் கூட்டிக்கொண்டு போவதாக அக்கா சொல்லியிருந்தாள். மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. லிஃப்டு வந்து நின்றது. முதலில் கிணுக்கு, அப்புறம் கதவு. செருப்புக் காலடி. அந்த வீட்டில் நான் கேட்டேயிராத ஓர் ஓசை எழுந்தது, அழைப்பு மணி.

பெண் அசையவில்லை. அவள் மூச்சு மட்டும் போனுக்கு மிக அருகில் கேட்டது.

"பாப்பா. அம்மாடி. கதவாண்ட வா."

ஓடும் காலடி. பிறகு இரண்டு குரல்கள், ஒரு கதவின் இரண்டு பக்கத்திலிருந்து. என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன், எனக்காகப் பேசியதல்ல அது. இடையில் டீச்சரம்மா யாருக்கோ போன் போட்டுப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் காலடிகள், போலீசாக இருக்க வேண்டும், ஆண் குரல்கள், இரும்பில் ஏதோ உரசும் ஓசை. கதவு திறந்துகொண்டது. அதன்பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"பாஸ்போர்ட்ட எடுத்துக்க. அவன் வாங்கிக் குடுத்தது ஒண்ணும் வேணாம், போனையும் போட்டுட்டு வா" என்றாள் அக்கா.

போய்விட்டார்கள். லிஃப்டு இறங்கியது. அவள் போன் அங்கே மல்லாந்தே கிடந்தது, யாருக்கும் லைனை வெட்டத் தோன்றவில்லை.

வெட்டியிருக்க வேண்டியவன் நான்தான். கையை நீட்டினேன், முடியவில்லை. அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை, என்னைத் தவிர. இரண்டு முறை விசா மறுக்கப்பட்டவன், அன்று மதியம் பிரான்சில் ஒரு வீட்டில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன். குழாய் சொட்டியது. கெழவர் நடந்தார், இந்த முறை சன்னலுக்குப் போகாமல் சரியாக என் தலைக்கு மேலே வந்து நின்றார். நான் தும்மலை அடக்கிக்கொண்டேன், சத்தம் போட்டால் அங்கே யாருக்காவது கேட்டுவிடும் என்பதுபோல.

கடை திறக்கிற நேரம் தாண்டியது. திறக்கவில்லை. இங்கே வெயில் சாய்ந்த பிறகு, யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும், அங்கே லிஃப்டு மறுபடி கிணுக்கென்றது. அவசரமான காலடி வந்து, கதவருகே சட்டென்று நின்றது. சாவிக்கு வேலை இல்லாத கதவு. வெகு நேரம் அவன் உள்ளே வரவில்லை. பிறகு ஒவ்வொரு அறையாக நடந்தான். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், முதலில் அதட்டி, அப்புறம் சாதாரணமாக, அப்புறம் தணிந்த குரலில்.

கூரை ஆடியது. அவன் முகம் திரையை நிறைத்தது. கல்யாணத்தன்று என்னோடு கை குலுக்கிய முகம்.

"யாரு?" என்றான். "அவ எங்க?"

பயத்தில் எனக்கு வந்த வார்த்தை இதுதான்: "ராங் நம்பருங்க."

திரையின் மேலே நேரம் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அவனும் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் போனை எடுத்த இடத்திலேயே மல்லாத்தி வைத்தான். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, உட்கார்ந்துவிட்டான்.

மறுபடியும் வெள்ளைக் கூரை. சொட்டு. அவன் மூச்சு. லைனை அவன் வெட்டவில்லை. நான் நாற்காலியில் அசைந்தபோது கிறீச்சென்றது, உடனே அந்தப் பக்கம் மூச்சு நின்று கேட்டது. பிறகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. இந்தச் சத்தம் போதும் என்பதுபோல.

அப்போதுதான் என் கை நகர்ந்தது. வெட்டினேன். அந்த நம்பரிலிருந்து உடனே திரும்ப அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. அன்று அது பலமுறை அடித்து ஓய்ந்தது. இப்போதும் எப்போதாவது மதிய நேரத்தில், தெருவே மூடிக் கிடக்கும்போது அடிக்கும்.